பாட்காஸ்டுக்கு எந்த வகை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷோவுக்குப் பெயர் வைத்தாயிற்று, கவர் படம் வந்துவிட்டது, முதல் எபிசோடும் எடிட் ஆகிவிட்டது. எபிசோடுகளைச் சேமித்து வெளியிடும் ஹோஸ்டிங் தளத்தின் படிவத்தில் ‘கேட்டகரி’ (வகை) என்ற பெட்டி மட்டும் பாக்கி. பலரும் அதை ஐந்து விநாடியில் நிரப்பிவிட்டுப் போய்விடுவார்கள். அரை மணி நேரம் செலவழிக்க வேண்டிய இடம் அது. அதற்கு மேல் செலவழிக்கவும் தேவையில்லை.

வகைப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். படிவத்திலும் ஃபீடிலும் (ஷோவின் விவரங்களை ஆப்களுக்குக் கொண்டுசெல்லும் கோப்பு) அவை ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஷோ எந்த மொழியில் இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

வகை என்பது உண்மையில் என்ன வேலை செய்கிறது?

ஆப்பிள் பாட்காஸ்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஐபோனில் அந்த ஆப்பைத் திறந்து தேடல் பக்கத்துக்குப் போனால், எதையும் டைப் செய்யும் முன்பே வகைகள் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒன்றைத் தொட்டால் அந்த வகையில் முன்னணியில் இருக்கும் ஷோக்கள் வரும். இந்தத் தரவரிசைதான் சார்ட். உங்கள் ஷோ அங்கே வருவதற்கு வாய்ப்பு இருக்கிறதா, வந்தால் யாருக்குப் பக்கத்தில் வரும் என்பதை வகைதான் தீர்மானிக்கிறது. ஷோவின் சொந்தப் பக்கத்திலும் ரேட்டிங்கை ஒட்டி வகையின் பெயர் தெரியும். புதிதாக வந்தவர் விவரக்குறிப்பைப் படிக்கும் முன் அதைப் படித்துவிடுவார்.

இவ்வளவுதான் அதன் வேலை. சரியான வகை சுமாரான ஷோவைத் தூக்கி நிறுத்தாது. தவறான வகையோ, நல்ல ஷோவை அதைத் தேடாதவர்கள் கண்ணில் காட்டிக்கொண்டே இருக்கும். அவர்கள் தொட்டுப் பார்ப்பார்கள், இரண்டு நிமிடத்தில் போய்விடுவார்கள்.

மொத்தம் எத்தனை வகைகள் இருக்கின்றன?

ஆப்பிளின் பட்டியலில் 19 பெருவகைகள், அவற்றின் கீழ் 91 துணைவகைகள், ஆக 110. பெரும்பாலான ஹோஸ்டிங் தளங்களும் பல ஆப்களும் இந்தப் பட்டியலையே பயன்படுத்துவதால் இதைத் தெரிந்துகொண்டால் போதும்.

அந்தப் 19: ஆர்ட்ஸ், பிசினஸ், காமெடி, எஜுகேஷன், ஃபிக்‌ஷன், கவர்ன்மென்ட், ஹிஸ்டரி, ஹெல்த் & ஃபிட்னஸ், கிட்ஸ் & ஃபேமிலி, லெஷர், மியூசிக், நியூஸ், ரிலிஜன் & ஸ்பிரிச்சுவாலிட்டி, சயின்ஸ், சொசைட்டி & கல்ச்சர், ஸ்போர்ட்ஸ், டெக்னாலஜி, ட்ரூ க்ரைம், டிவி & ஃபிலிம்.

துணைவகைகள் சமமாகப் பிரிக்கப்படவில்லை. ஸ்போர்ட்ஸில் மட்டும் 15. கவர்ன்மென்ட், ஹிஸ்டரி, டெக்னாலஜி, ட்ரூ க்ரைம் ஆகிய நான்கில் ஒன்றுகூட இல்லை. உங்கள் ஷோ வரலாறு என்றால் அது பண்டைய வரலாறா, போர் வரலாறா என்று சொல்லும் வசதி வகையில் கிடையாது. அதைத் தலைப்பும் விவரக்குறிப்பும்தான் சொல்ல வேண்டும்.

இந்தப் பட்டியல் 2019-இல் திருத்தப்பட்டது. ஃபிக்‌ஷன், ட்ரூ க்ரைம் போன்றவை அப்போதுதான் தனிப் பெருவகைகள் ஆயின. ஹிஸ்டரியும் அதுவரை சொசைட்டி & கல்ச்சரின் கீழ் ஒரு துணைவகையாக இருந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் ‘கேம்ஸ் & ஹாபீஸ்’, ‘சயின்ஸ் & மெடிசின்’, ‘நியூஸ் & பாலிடிக்ஸ்’ என்ற பெயர்களைப் பார்த்தால் மூடிவிடுங்கள். அவை இப்போது இல்லை.

எத்தனை வகைகளைத் தேர்ந்தெடுக்கலாம்?

ஹோஸ்டிங் தளங்கள் பொதுவாக இரண்டு மூன்று பெட்டிகள் தருகின்றன. ஃபீடில் எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் ஆப்பிள் தன் வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்வது, முதலில் வரும் வகையையும் அதன் துணைவகையையும் மட்டுமே எடுத்துக்கொள்வோம் என்று. ஆகவே முதல் பெட்டியில்தான் யோசனை தேவை. மற்றவை வேறு ஆப்களுக்கும் டைரக்டரிகளுக்கும் உதவலாம். நிரப்புங்கள், ஆனால் அவற்றின் மேல் நம்பிக்கை வைக்காதீர்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. மூன்று பெட்டியிலும் சரியான வகைகளையே போட்டிருப்பார்கள், வரிசை மட்டும் தலைகீழாக இருக்கும். சில படிவங்கள் பட்டியலை அகரவரிசையில் காட்டுவதால் முதல் பெட்டியில் ‘ஆர்ட்ஸ்’ தானாகவே உட்கார்ந்திருக்கும். அதைக் கவனிக்காமல் இரண்டாவது பெட்டியில் டெக்னாலஜியைப் போட்டுவிட்டால், ஆப்பிளைப் பொறுத்தவரை உங்கள் புரோகிராமிங் ஷோ கலை நிகழ்ச்சிதான்.

சரி, எப்படி முடிவெடுப்பது?

‘என் ஷோ எதைப் பற்றியது?’ என்று கேட்டால் நான்கைந்து வகைகள் பொருந்துவதாகத் தோன்றும். ‘இதைக் கேட்பவர் இதற்கு முன் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார், அடுத்து எதைக் கேட்பார்?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் மிஞ்சும்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்த்துவிடலாம். தூக்கத்தைப் பற்றி ஒரு ஷோ. வாரம் ஒரு மருத்துவரோ ஆராய்ச்சியாளரோ வந்து பேசுகிறார். எடுத்த எடுப்பில் நான்கு இடங்கள் தோன்றும்: ஹெல்த் & ஃபிட்னஸின் கீழ் மெடிசின், அதன் கீழேயே மென்டல் ஹெல்த், சயின்ஸின் கீழ் லைஃப் சயின்சஸ், எஜுகேஷனின் கீழ் செல்ஃப் இம்ப்ரூவ்மென்ட்.

முதல் வேலை: வெளியான அல்லது திட்டமிட்ட பத்து எபிசோடுகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, கேட்டு முடித்தவர் கையில் என்ன மிஞ்சும் என்று ஒரே வரி. ‘இன்றிரவு என்ன மாற்றிப் பார்க்கலாம்’ என்று ஆறு, ‘தூங்கும்போது மூளையில் என்ன நடக்கிறது’ என்று மூன்று, விருந்தினரின் வாழ்க்கைக் கதை ஒன்று என வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சயின்ஸ் இதோடு விழுந்துவிட்டது. ஆராய்ச்சியாளர் பேசுகிறார் என்பதற்காக ஷோ அறிவியல் ஷோ ஆகிவிடாது.

இரண்டாவது வேலை: மிஞ்சிய மூன்று இடங்களின் சார்ட்டையும் திறந்து, முதல் 20 ஷோக்களின் பெயரையும் ஒரு வரி விவரத்தையும் படியுங்கள். மெடிசினில் இருப்பவை பெரும்பாலும் மருத்துவர்கள் மருத்துவர்களுக்காகப் பேசும் ஷோக்களாக இருந்தால், தூக்கம் வராமல் தவிக்கும் சாதாரண ஆள் அந்தப் பக்கம் வரமாட்டார். செல்ஃப் இம்ப்ரூவ்மென்டில் பழக்கவழக்கம், உற்பத்தித்திறன், காலையில் எழுவது என்று போனால், அந்தக் கூட்டத்தில் உங்கள் ஷோவைப் பொருத்திப் பாருங்கள். அங்கே வருபவருக்குத் தூக்கம் ஒரு எபிசோடு. உங்களுக்கோ முழு ஷோவே அதுதான்.

மூன்றாவது: அந்த ஆறு எபிசோடுகளில் கவலை, மன அழுத்தம் எத்தனையில் வருகிறது என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் என்றால் மென்டல் ஹெல்த். இல்லையென்றால் ஹெல்த் & ஃபிட்னஸை மட்டும் போட்டுத் துணைவகையைக் காலியாக விடுவது நேர்மையான முடிவு.

சார்ட்டை எங்கே பார்ப்பது?

ஐபோன் இல்லாதவர்களும் பிரவுசரில் ஆப்பிள் பாட்காஸ்ட்ஸின் இணையப் பக்கத்துக்குப் போய்ப் பார்க்கலாம். சார்ட்டுகள் நாடு வாரியாகப் பிரிந்தவை. இணைய முகவரியில் வரும் இரண்டெழுத்து நாட்டுக் குறியீட்டை மாற்றினால் அந்த நாட்டின் பட்டியல் வரும். உங்கள் நேயர்கள் எந்த நாட்டில் அதிகம் இருக்கிறார்களோ அதைப் பாருங்கள். ஒரே வகை இரண்டு நாடுகளில் முற்றிலும் வேறு முகம் காட்டும்.

துணைவகை கட்டாயமா? பெருவகை மட்டும் போதாதா?

கட்டாயமில்லை. ஆனால் பொருந்தும் துணைவகை இருந்தால் விடாதீர்கள். பெருவகையில் உலகமே நிற்கிறது. ஸ்போர்ட்ஸ் என்று மட்டும் போட்ட கிரிக்கெட் ஷோ, எல்லா விளையாட்டுகளோடும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். துணைவகையாக கிரிக்கெட்டைப் போட்டால், தேடிக்கொண்டு அங்கே வருகிறவர் ஏற்கெனவே உங்கள் ஆள்.

துணைவகை போட்டால் பெருவகையிலிருந்து வெளியே போய்விடுவோமோ என்ற பயம் வேண்டாம். துணைவகை பெருவகைக்கு உள்ளேதான் இருக்கிறது.

போட்டி குறைவான வகையில் போட்டால் சீக்கிரம் சார்ட்டில் ஏறலாமே?

இந்த யோசனை எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். பாதி உண்மை, பாதி பொறி.

உண்மையான பாதி: இரண்டு வகைகள் உங்களுக்கு ஏறக்குறையச் சமமாகப் பொருந்தினால், கூட்டம் குறைந்ததை எடுங்கள். வேலை தேடுவது பற்றிய ஷோ பிசினஸின் கீழ் கரியர்ஸிலும் போகலாம், எஜுகேஷனின் கீழ் செல்ஃப் இம்ப்ரூவ்மென்டிலும் போகலாம் என்றால் கரியர்ஸ்தான் சரி. அங்கே வருகிறவர் வேலையைப் பற்றியே கேட்க வருகிறார்.

பொறியான பாதி: பொருந்தாத வகையில் போய் உட்கார்வது. ஆப்பிள் சார்ட் கணக்கில் எடுப்பவை எத்தனை பேர் கேட்கிறார்கள், எத்தனை பேர் ஃபாலோ செய்கிறார்கள், எபிசோடை எவ்வளவு தூரம் கேட்டு முடிக்கிறார்கள் என்பவை. வானூர்திகள் பற்றிக் கேட்க ஏவியேஷனுக்கு வந்தவர் உங்கள் பயணக் கதையைத் தொட்டால், முதல் சில நிமிடங்களிலேயே வெளியேறுவார். ஃபாலோவும் இல்லை, கேட்டு முடிப்பதும் இல்லை. சார்ட்டில் ஒரு நாள் 40-ஆவது இடத்தில் நின்ற ஸ்கிரீன்ஷாட் மட்டும் மிஞ்சும்.

ரேட்டிங், விமர்சனம் சேர்த்தால் சார்ட்டில் ஏறுமா?

ஏறாது. ஆப்பிள் சார்ட் கணக்கில் ரேட்டிங்கும் விமர்சனமும் பகிர்வும் சேர்வதில்லை. ‘ஐந்து நட்சத்திரம் கொடுங்கள்’ என்று எபிசோடின் முடிவில் கெஞ்சுவதற்குப் பதில் ‘ஃபாலோ பண்ணுங்கள்’ என்று ஒரு வரி சொல்வது பலன் தரும்.

பேசும் பொருள் ஒன்று, பேசும் விதம் இன்னொன்று. எதை வைத்து வகை?

நேயர் எதற்காக வருகிறாரோ அதை வைத்து. வரலாற்றை நகைச்சுவையாகப் பேசும் இருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேதிகளையும் பெயர்களையும் எடுத்துவிட்டாலும் மக்கள் சிரிக்க வருவார்கள் என்றால் காமெடி. சிரிப்பை எடுத்துவிட்டாலும் கேட்பார்கள் என்றால் ஹிஸ்டரி.

நேர்காணல் என்பது வகையல்ல, வடிவம். காமெடி, மியூசிக், டிவி & ஃபிலிம் ஆகிய மூன்றில் மட்டும் நேர்காணலுக்கென்று துணைவகை உண்டு. மற்ற இடங்களில் நேர்காணல் ஷோ தன் விருந்தினர்களின் துறைக்கே போக வேண்டும். ‘பலதரப்பட்ட சுவாரசியமான மனிதர்களோடு பேசுகிறோம்’ என்ற ஷோக்கள் எல்லாம் கடைசியில் சொசைட்டி & கல்ச்சரில் வந்து குவிகின்றன. அங்கே கூட்டம் தாங்காது. வேறு வழியே இல்லாதபோது மட்டும் அங்கே போங்கள்.

எந்தெந்த வகைகளில் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள்?

பட்டியலை வடிவமைத்தவர்களின் மனப்போக்கு நம்முடையதோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. தேடிய இடத்தில் தேடியது இருக்காது.

சமையல் ஷோவுக்கு ‘ஃபுட்’ என்ற துணைவகை உண்டு. ஆனால் அது ஆர்ட்ஸின் கீழ் இருக்கிறது. லெஷரிலும் ஹோம் & கார்டனிலும் தேடிவிட்டு, கிடைக்காமல் ஹெல்த் & ஃபிட்னஸின் நியூட்ரிஷனில் போட்டுவிடுகிறார்கள். அங்கே வருபவர் எடையையும் ஊட்டச்சத்தையும் பற்றிக் கேட்க வருகிறார். தாளிப்பைப் பற்றி அல்ல.

பயணம் லெஷரில் இல்லை. சொசைட்டி & கல்ச்சரின் கீழ் பிளேசஸ் & டிராவல். அதே போல வளர்ப்புப் பிராணிகள் கிட்ஸ் & ஃபேமிலியில் இருக்கின்றன. காட்டு விலங்குகளைப் பற்றிய ஷோ அங்கே போகாது. அதற்கு சயின்ஸின் கீழ் நேச்சர். மலையேற்றமும் முகாமும் என்றால் ஸ்போர்ட்ஸின் கீழ் வில்டர்னஸ் என்று ஒன்று ஒளிந்துகொண்டிருக்கிறது. அதைப் பலரும் கண்டுகொள்வதே இல்லை.

‘ஃபுட்பால்’, ‘சாக்கர்’ இரண்டும் தனித்தனித் துணைவகைகள். காலால் உதைத்து விளையாடும் கால்பந்து சாக்கர்தான். ஃபுட்பால் என்பது அமெரிக்க வகை ஆட்டம். கால்பந்து ஷோவைப் பெயரை நம்பி ஃபுட்பாலில் போட்டவர்கள், தலைக்கவசமும் தோள்பட்டைக் கவசமும் போட்ட ஆட்டக்காரர்கள் நடுவே நிற்பார்கள்.

நியூஸில் இரண்டு வகையான தவறு நடக்கிறது. டெய்லி நியூஸ் என்பது அன்றாடம் வெளியாகும் செய்திக்கு. வாரம் ஒருமுறை உட்கார்ந்து அலசுவது நியூஸ் கமென்ட்டரி. டெய்லி நியூஸில் போட்டுவிட்டு வாரம் ஒரு எபிசோட் விட்டால், மற்ற ஷோக்களின் இன்றைய எபிசோடுக்குப் பக்கத்தில் உங்களுடைய பழைய எபிசோட் நிற்கும். இன்னொன்று, டெக் நியூஸ் நியூஸின் கீழ் இருக்கிறது, டெக்னாலஜியின் கீழ் அல்ல. புதிய போன், நிறுவனச் செய்தி என்றால் டெக் நியூஸ். ஒரு மென்பொருளை எப்படிக் கட்டுவது என்று விளக்கினால் டெக்னாலஜி. பிசினஸ் நியூஸுக்கும் இதே கதைதான்; பங்கு முதலீட்டை நிதானமாகச் சொல்லிக்கொடுப்பது பிசினஸின் கீழ் இன்வெஸ்டிங்.

புத்தகங்களைப் பற்றிப் பேசினால் ஆர்ட்ஸின் கீழ் புக்ஸ். கதையையே நடித்தோ வாசித்தோ தந்தால் ஃபிக்‌ஷன். உண்மைச் சம்பவத்தை ஆய்ந்து தொடராகச் சொன்னால் சொசைட்டி & கல்ச்சரின் கீழ் டாக்குமென்டரி. குற்றச் சம்பவமாக இருந்தால் ட்ரூ க்ரைம். கற்பனைக் கொலைக்கதையை ட்ரூ க்ரைமில் போடாதீர்கள். உண்மை என்று நம்பிக் கேட்டவர் ஏமாந்த கோபத்தில் எழுதும் விமர்சனம் நெடுநாள் நிற்கும்.

உளவியல் ஷோக்கள் மூன்று இடத்தில் சிதறுகின்றன. சிகிச்சை, பதற்றம், மனச்சோர்வு என்றால் மென்டல் ஹெல்த். ‘மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள்’ என்ற ஆய்வு நோக்கு என்றால் சயின்ஸின் கீழ் சோஷியல் சயின்சஸ். நல்ல பழக்கம், தன்னம்பிக்கை என்றால் செல்ஃப் இம்ப்ரூவ்மென்ட். ஒன்றை இன்னொன்றாக விற்க முயலாதவரை மூன்றும் சரி.

குழந்தைகளுக்கான ஷோ. கிட்ஸ் & ஃபேமிலியில் எதைப் போடுவது?

கேட்பவர் குழந்தையா, பெற்றோரா என்பதைப் பொறுத்தது. குழந்தை கேட்கும் கதை என்றால் ஸ்டோரீஸ் ஃபார் கிட்ஸ். பாடம், பொது அறிவு என்றால் எஜுகேஷன் ஃபார் கிட்ஸ். குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பெரியவர்கள் பேசினால் பேரண்டிங்.

இங்கே எக்ஸ்பிளிசிட் குறியை (பெரியவர்களுக்கு மட்டுமான பேச்சு இருக்கிறது என்ற அறிவிப்பு) தவறாமல் பார்க்க வேண்டும். பழைய ஷோவின் அமைப்பை நகலெடுத்துப் புதிய ஷோ தொடங்குபவர்கள் அந்தக் குறியையும் சேர்த்து நகலெடுத்துவிடுவார்கள். பெற்றோர் குழந்தையின் சாதனத்தில் கட்டுப்பாடு போட்டிருந்தால், எக்ஸ்பிளிசிட் என்று குறித்த எதுவும் அங்கே தெரியாது. வகை சரியாக இருந்தும் ஷோ யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

ஃபீடில் வகையை எப்படி எழுத வேண்டும்?

ஹோஸ்டிங் தளம் பயன்படுத்தினால் படிவத்தை நிரப்பினால் போதும், இதைத் தாண்டிப் போகலாம். ஃபீடைத் தாங்களே எழுதுபவர்களுக்கும், தங்கள் இணையதளத்தின் ப்ளகின் வழியாக உருவாக்குபவர்களுக்கும் இது.

ஆர்எஸ்எஸ் ஃபீடில் ஐடியூன்ஸ் முன்னொட்டோடு வரும் கேட்டகரி டேக் ஒன்றை எழுத வேண்டும். வகையின் பெயர் டேக்குக்கு நடுவில் வராது. ‘டெக்ஸ்ட்’ என்ற பண்பின் மதிப்பாக, மேற்கோள் குறிக்குள் வரும். துணைவகை இருந்தால் பெருவகை டேக்கை மூடும் முன், அதன் வயிற்றுக்குள் இன்னொரு கேட்டகரி டேக்காக வர வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் இரண்டும் தனித்தனிப் பெருவகைகளாகக் கருதப்படும். உதாரணமாக, துணைவகையான டாக்குமென்டரியை அப்படி எழுதினால், அந்தப் பெயரில் பெருவகை இல்லாததால் அது செல்லாமல் போகும்.

பிழை வரும் இடங்கள் இவை. பல பெயர்களில் & குறி இருக்கிறது. ஃபீட் எழுதப்படும் எக்ஸ்எம்எல் வடிவத்தில் அதை அப்படியே எழுதக் கூடாது. & குறியைத் தொடர்ந்து ஏ, எம், பி என்ற மூன்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் சேர்த்து எழுத வேண்டும். விட்டுவிட்டால் வகை மட்டுமல்ல, மொத்த ஃபீடும் படிக்க முடியாமல் போகலாம். புது எபிசோடுகள் வராமல் நிற்பதற்கு இந்த ஒற்றைக் குறி காரணமாக இருந்துவிடும். அடுத்தது பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம். ஆப்பிள் அதைப் பார்க்கும். பெயரைப் பட்டியலிலிருந்து நகலெடுங்கள், கையால் டைப் செய்யாதீர்கள். & குறிக்குப் பதில் ‘அண்ட்’ என்று சொல்லாக எழுதினாலும் ஏற்காது.

டேக் இருக்க வேண்டிய இடம் ஷோவின் பொது விவரங்கள் வரும் சேனல் பகுதி. எபிசோடுக்கான ஐட்டம் பகுதிக்குள் எழுதினால் பயனில்லை. முன்னொட்டு இல்லாத வெறும் கேட்டகரி டேக்கும் ஆர்எஸ்எஸ்ஸில் உண்டு. அது வேறு, ஆப்பிள் பார்ப்பது ஐடியூன்ஸ் முன்னொட்டு உள்ளதை.

பழைய வார்ப்புருக்களில் கூகுள் பிளே முன்னொட்டோடு இன்னொரு கேட்டகரி டேக் இருக்கும். கூகுள் பாட்காஸ்ட்ஸே 2024-இல் மூடப்பட்டுவிட்டது. அந்த வரியை நீக்கினால் ஒன்றும் குறையாது.

வகையை மாற்றினேன், ஆப்பில் பழையதே தெரிகிறது. ஏன்?

முதலில் ஃபீடைப் பாருங்கள். ஃபீடின் முகவரியைப் பிரவுசரில் திறந்து, பக்கத்தின் மூலத்தை எடுத்து, அதில் கேட்டகரி என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். முதலில் வருவது புதிய வகைதானா? இல்லையென்றால் ஹோஸ்டிங் தளத்தில் சேமிக்கும் பொத்தானை அழுத்தாமல் வந்திருப்பீர்கள். இணையதளத்தின் கேஷ் (சேமித்துவைத்த நகல்) பழைய ஃபீடையே தந்துகொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

ஃபீட் சரி என்றால் ஒரு நாள் காத்திருங்கள். அதன் பிறகும் மாறவில்லை என்றால், ஆப்பிள் படிப்பது நீங்கள் திருத்திய ஃபீடைத்தானா என்று, ஷோவை நிர்வகிக்க ஆப்பிள் தரும் பாட்காஸ்ட்ஸ் கனெக்ட் கணக்கில் பாருங்கள். ஹோஸ்டிங் மாற்றியவர்களிடம் பழைய முகவரியே அங்கே பதிவாகியிருப்பது சகஜம்.

வகையை மாற்றினால் ஃபாலோயர்களும் விமர்சனங்களும் போய்விடுமா?

போகாது. ஷோ அதே ஷோ, முகவரி அதே முகவரி. பழைய வகையின் சார்ட்டில் இருந்த இடம் மட்டும் போகும்; அது கையோடு வராது.

ஸ்பாட்டிஃபை, யூடியூபில் எப்படி?

ஸ்பாட்டிஃபையில் ஷோவைச் சேர்க்கும்போது மொழி, நாடு, வகை என்று அது தனியாகக் கேட்கும். அங்குள்ள பெயர்கள் ஆப்பிளுடையவற்றோடு அப்படியே ஒத்துப்போக வேண்டியதில்லை. ஆகவே ஃபீடில் வகையை மாற்றிய அன்றே ஸ்பாட்டிஃபை கணக்கையும் திறந்து பாருங்கள். இரண்டு இடத்தில் இரண்டு வகையாக ஆண்டுக்கணக்கில் கிடக்கும் ஷோக்கள் உண்டு.

யூடியூபில் பாட்காஸ்ட் என்பது பாட்காஸ்டாகக் குறிக்கப்பட்ட பிளேலிஸ்ட். இங்கே சொன்ன துணைவகை நுணுக்கங்களுக்கு அங்கே பெரிய மதிப்பில்லை. தலைப்பும் தம்ப்நெய்லும்தான் ஆளைக் கொண்டுவரும்.

தேடலில் மேலே வர வகை உதவுமா?

அதை நம்பி வகையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தேடுபவர் டைப் செய்யும் சொல் ஷோவின் பெயரிலும் எபிசோடின் தலைப்பிலும் இருக்கிறதா என்பதே முக்கியம். ‘எபிசோட் 14’ என்று மட்டும் தலைப்பு வைப்பவர்கள் வகையைப் பற்றிக் கவலைப்படும் முன் அதைச் சரிசெய்யலாம்.

அதற்காக ஷோவின் பெயருக்குப் பின்னால் சொற்களை அடுக்கிக்கொண்டே போகவும் கூடாது. பெயரிலோ ஆசிரியர் புலத்திலோ தேடல் சொற்களைத் திணித்தால் ஷோவையே நீக்கும் உரிமை ஆப்பிளுக்கு இருக்கிறது. ஐடியூன்ஸ் கீவேர்ட்ஸ் என்ற பழைய டேக்கை நிரப்பிக்கொண்டிருப்பவர்களும் அந்த வேலையை நிறுத்தலாம். அது வழக்கொழிந்துவிட்டது.

ஒரு எபிசோடுக்கு மட்டும் வேறு வகை தர முடியுமா?

முடியாது. வகை ஷோவுக்குத்தான்.

மாற்றியது பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாற்றும் நாளைக் குறித்துவையுங்கள். அதற்கு முந்தைய நான்கு வாரங்களையும் பிந்தைய நான்கு வாரங்களையும் பாட்காஸ்ட்ஸ் கனெக்டின் அனலிடிக்ஸில் ஒப்பிடுங்கள். பார்க்க வேண்டியவை இரண்டு: புதிதாகச் சேர்ந்த ஃபாலோயர்கள், ‘என்கேஜ்ட்’ நேயர்கள். ஒரு எபிசோடில் குறைந்தது 20 நிமிடமோ 40 சதவீதமோ கேட்டவரை ஆப்பிள் என்கேஜ்ட் என்று எண்ணுகிறது. மொத்த நேயர் எண்ணிக்கை கூடி என்கேஜ்ட் எண்ணிக்கை அசையாமல் நின்றால், புதிய வகை ஆட்களைக் கொண்டுவருகிறது, ஆனால் தவறான ஆட்களை.

அந்த எட்டு வாரங்களில் கவர் படத்தையும் பெயரையும் மாற்றாதீர்கள். பிரபலமான விருந்தினர் வரும் வாரத்தில் வகையை மாற்றவும் கூடாது. எது எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. எட்டு வாரத்துக்குள் மறுபடி மாற்றுவதும் வீண்.

ஷோ மெல்ல வேறு பக்கம் போய்விட்டது. வகையை மாற்றுவதா, புது ஷோ தொடங்குவதா?

அதே பத்து எபிசோட் தாளை எடுங்கள், இந்த முறை கடைசிப் பத்தை எழுதுங்கள். ஏழு எட்டு புதிய பக்கம் சாய்ந்திருந்தால், பழைய நேயர்களும் கூடவே வந்திருந்தால், வகையை மாற்றுங்கள். விவரக்குறிப்பின் முதல் வரியையும் சேர்த்து மாற்றுங்கள்; வகை ஒன்று சொல்லி விவரக்குறிப்பு இன்னொன்று சொல்லக் கூடாது. பத்தும் ஐந்துக்கு ஐந்தாகப் பிரிந்து, ஒரு பாதியைக் கேட்பவர் மறு பாதியைத் தாண்டிப் போகிறார் என்று அனலிடிக்ஸ் காட்டினால், எந்த வகையும் இரண்டு பேரையும் பிடிக்காது. அப்போது இரண்டு ஃபீட், இரண்டு ஷோ. புது ஷோவின் ட்ரெய்லரைப் பழைய ஃபீடிலும் ஒரு எபிசோடாக விட்டுவிடுங்கள்.